அமெரிக்க ராணுவப் பழம்பொருள் சேகரிப்பு: வாள், சீருடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் வாளாக எதை வாங்கலாம்?

என்னைக் கேட்டால், 1860 மாடல் குதிரைப்படை வாள். 1861 முதல் 1865 வரை வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போருக்காக வடக்கு அரசு இதை லட்சக்கணக்கில் வாங்கிக் குவித்தது. போர் முடிந்து படையைக் கலைத்தபோது, வேண்டியவர்கள் தங்கள் ஆயுதத்தை விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. சாதாரணத் துப்பாக்கிக்கு 6 டாலர், வாளுக்கு 3 டாலர், சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அப்படி வீடு போய்ச் சேர்ந்த வாள்கள் இன்றும் பரண்களிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

எண்ணிக்கை அதிகம் என்பதால் விலையும் ஓரளவு கைக்கு எட்டும். சுமாரான நிலையில் உள்ள ஒன்று சில நூறு டாலருக்குக் கிடைக்கும். யார் செய்தது, எந்த ஆண்டு, யார் சோதித்தது என்பதும் பெரும்பாலும் வாளிலேயே இருக்கும். கண் பழகுவதற்கு இது போதும். எடுத்தவுடன் அரிய பொருளைத் தேடிப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

1840 மாடலும் 1860 மாடலும் ஒன்றுபோலத் தெரிகின்றனவே?

இரண்டிலும் மூன்று கிளையாகப் பிரியும் பித்தளைக் கைக்காப்பு, தோல் சுற்றி அதன்மேல் முறுக்குக் கம்பி ஓட்டிய மரக் கைப்பிடி, இரண்டு வளையம் வைத்த இரும்பு உறை. வித்தியாசம் அலகின் அகலத்தில் இருக்கிறது. பிரெஞ்சு வாளைப் பார்த்துச் செய்த 1840 மாடல், கைக்காப்பை ஒட்டி ஒன்றேகால் அங்குலம் அளவுக்கு அகலம், கனமும் அதிகம். மணிக்கட்டை முறிக்கும் வாள் என்று சிப்பாய்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 1860 மாடலின் அலகு சுமார் ஓர் அங்குலம்தான், கைப்பிடியும் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். உள்நாட்டுப் போரில் இரண்டையுமே பயன்படுத்தினார்கள். ஆகவே ஆண்டை மட்டும் வைத்து மாடலை முடிவு செய்யாதீர்கள்.

அலகின் அடியில் இருக்கும் எழுத்துக்களை எப்படிப் படிப்பது?

கைக்காப்புக்கு மேலே அலகின் தட்டையான பகுதியில் இரண்டு பக்கமும் பாருங்கள். பொதுவாக ஒரு பக்கம் செய்த கம்பெனியின் பெயரும் ஊரும் இருக்கும். மறுபக்கம் யு.எஸ். என்ற எழுத்து, ஆண்டு, சோதித்து ஏற்றுக்கொண்ட அரசு அதிகாரியின் பெயர் முதலெழுத்துக்கள். சோதனை எழுத்துக்கள் கைப்பிடியின் தலைப்பகுதியிலும் உறையிலும் சிறியதாக மறுபடி வரும்.

அதிகம் கண்ணில் படும் பெயர் ஏம்ஸ், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கம்பெனி. அதன் முகவரியே காலத்தைச் சொல்லிவிடும். நேதன் ஏம்ஸின் ஆரம்ப கால வாள்களில் ஸ்ப்ரிங்ஃபீல்ட் என்று ஊர் இருக்கும், பிறகு கேபட்வில். 1848-இல் அந்தப் பகுதி ஸ்ப்ரிங்ஃபீல்டிலிருந்து பிரிந்து சிக்கோபி என்ற தனி ஊரானது. அதன் பிறகு வந்தவற்றில் சிக்கோபி. எனவே 1842 என்ற ஆண்டும் சிக்கோபி என்ற ஊரும் ஒரே ஏம்ஸ் வாளில் சேர்ந்து வந்தால், பணப்பையைத் திறக்கும் முன் இன்னொரு முறை பாருங்கள்.

போர்க்காலத்தில் ஏம்ஸ் மட்டும் போதவில்லை. நியூ ஜெர்சியின் ட்ரெண்டனில் எமர்சன் அண்ட் சில்வர், ரோட் ஐலண்டின் ஃபாரஸ்ட்டேலில் மேன்ஸ்ஃபீல்ட் அண்ட் லாம்ப், மாசசூசெட்ஸின் வெஸ்ட் செம்ஸ்ஃபோர்டில் ரோபி எனப் பல கம்பெனிகள் ஒப்பந்தம் எடுத்தன. இவற்றில் எதைப் பிடித்தாலும் நல்ல வாள்தான். அரிதான பெயர் என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். முதல் வாளுக்கு அந்தக் கூடுதல் தேவையில்லை.

எழுத்தைப் படிப்பதோடு அது அங்கே எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அசல் முத்திரை சுத்தியலடியில் இறங்கியது. ஆழம் சீராக இருக்காது, ஓரெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். அலகில் எவ்வளவு வயதான கறை இருக்கிறதோ அதே வயது எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் தெரிய வேண்டும். சுற்றிலும் கருத்துப்போய், எழுத்துக்குள் மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்த எழுத்து சமீபத்தில் அடித்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சின்ன லென்ஸ் சட்டைப்பையில் இருக்கட்டும்.

என் வாளில் எந்த முத்திரையும் இல்லை. போலியா?

அவசியமில்லை. அரசு சோதனை சாதாரணச் சிப்பாய்களுக்கு வழங்கிய வாளுக்குத்தான். அதிகாரிகள் தங்கள் வாளைச் சொந்தக் காசில் கடையில் வாங்கிக்கொண்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஹார்ஸ்ட்மன், நியூயார்க்கில் ஷைலர் ஹார்ட்லி அண்ட் கிரஹாம் போன்ற பெரிய கடைகள் இதற்கென்றே இருந்தன. அலகு பெரும்பாலும் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரிலிருந்து வந்தது. நின்றுகொண்டிருக்கும் ஒரு வீரனின் உருவம் பதித்திருந்தால் அது கிளாபர்க் பட்டறை. இத்தகைய அலகுகளில் கழுகு, கொடி, இலைக்கொடி என்று அமிலத்தால் அரித்தெடுத்த அலங்காரம் இருக்கும். அந்த அலங்காரம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதே பாதி விலை.

தாத்தா காலத்து வாள் என்றார்கள். கைப்பிடி உச்சியில் இரும்புக் கவசம் போட்ட ஒரு தலை, அலகில் ஒருவர் பெயர். எந்தப் போர்?

எந்தப் போரும் இல்லை. இது சங்கத்து வாள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்களில் நைட்ஸ் டெம்ப்ளர், நைட்ஸ் ஆஃப் பித்தியஸ், ஆட் ஃபெல்லோஸ் போன்ற சகோதர சங்கங்கள் பெருகின. மளிகைக்கடைக்காரரும் வக்கீலும் மாலையில் தொப்பியில் இறகு செருகி, இடுப்பில் வாள் தொங்கவிட்டு அணிவகுத்தார்கள். அவர்களுக்கு வாள் செய்து கொடுத்தே ஒஹாயோவின் கொலம்பஸில் லில்லி கம்பெனியும், மிச்சிகனின் கலமசூவில் ஹெண்டர்சன்-ஏம்ஸும் பெரிய நிறுவனங்களாயின. அமெரிக்காவில் பழைய சாமான் சந்தைக்குப் போனால் நீங்கள் பார்க்கும் முதல் வாள் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

சிலுவை, மண்டை ஓடு, கவசத் தலை, மெல்லிய நேர் அலகு, தந்தம் போல வெள்ளைக் கைப்பிடி: இவற்றில் இரண்டு சேர்ந்தாலே சங்கத்து வாள் என்று வைத்துக்கொள்ளலாம். பித்தியஸ் வாளில் எஃப், சி, பி என்ற மூன்று எழுத்து வரும். விலை குறைவு. ஆனால் பெயர் பொறித்தவரைப் பழைய ஊர்க் குறிப்பேடுகளில் தேடிப் பிடிப்பது சுவையான வேலை. இவற்றை மட்டுமே சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

ரெப்ளிக்காவை, அதாவது புதிதாகச் செய்த நகலை, எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கப் போர்களை நடித்துக் காட்டுபவர்களுக்கான ரெப்ளிக்கா வாள்கள் பெருமளவில் இந்தியாவில், குறிப்பாக டேராடூனில் தயாராகின்றன. செய்பவர்கள் ரெப்ளிக்கா என்று சொல்லித்தான் விற்கிறார்கள், அதில் தவறில்லை. இரண்டு மூன்று கை மாறிய பிறகு யாரோ ஒருவர் இந்தியா என்ற எழுத்தை அரத்தால் ராவிவிட்டு, ஈரத் துணியில் சுற்றித் துருப்பிடிக்க வைத்து மேசையில் பரப்புகிறார். கைக்காப்பை ஒட்டிய இடத்தில் ராவிய தடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு கையில் எடுங்கள். அசல் அலகு கைப்பிடிப் பக்கம் தடிமனாகத் தொடங்கி நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். அதனால் கையில் லேசாக உட்காரும். ரெப்ளிக்கா பலவும் முழு நீளமும் ஒரே தடிமன், சட்டத்தைத் தூக்குவது போன்ற கனம். பித்தளை வார்ப்பில் சொரசொரப்பு, மஞ்சளான நிறம், கடகடவென்று ஆடும் கைக்காப்பு, பளபளக்கும் குரோம் பூச்சு எல்லாம் துணைச் சாட்சிகள்.

ரோமானியக் குறுவாள் மாதிரி இருக்கும் 1832 மாடல் பீரங்கிப்படை வாளில் கூடுதல் கவனம் தேவை. முழுப் பித்தளைக் கைப்பிடி, அதில் செதில், தலையில் கழுகு என்று பார்க்க அழகாக இருப்பதால் ரெப்ளிக்காவும் ஏராளம். அசலை வைத்திருந்த சிப்பாய்கள் அதைச் சண்டையைவிடப் புதர் வெட்டவே அதிகம் பயன்படுத்தினார்கள்.

சி.எஸ். (கான்ஃபெடரேட் ஸ்டேட்ஸ்) முத்திரையிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பு வாள் மலிவாக வந்தால்?

மலிவாக வராது. வந்தால் அது போலி. தெற்கே தொழிற்சாலை குறைவு, செய்த வாளும் குறைவு, அதனால் விலை பல ஆயிரங்களில். அசல் தென்மாநில வாள்கள் பலவற்றில் சி.எஸ். என்ற எழுத்தே இருக்காது; வார்ப்பு கரடுமுரடாக, பித்தளை செம்பு அதிகம் கலந்து சிவந்து, அலகின் பள்ளம் கோணலாக இருக்கும். சாதாரண வட மாநில வாளில் இரண்டு எழுத்தை அடித்து விலையைப் பத்து மடங்காக்கும் வேலை நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது.

விதிவிலக்குகள் உண்டு. நாஷ்வில் நகரில் கலப்பை செய்துகொண்டிருந்த நாஷ்வில் ப்ளோ வொர்க்ஸ் போருக்காக வாள் வார்த்தது. அதன் கைக்காப்பிலேயே கம்பெனி பெயரும் சி.எஸ்.ஏ. என்ற எழுத்தும் வார்ப்பாக எழுந்து நிற்கும். 1862 தொடக்கத்தில் வடக்குப் படை நாஷ்வில்லைப் பிடித்ததும் அந்தத் தொழில் அத்தோடு நின்றது. இவ்வளவு அடையாளம் இருந்தும் இதற்கும் போலி உண்டு. பல அசல்களைக் கையில் பிடித்துப் பார்த்த ஒருவர் எழுத்துபூர்வமாகச் சொல்லாமல் தென்மாநிலப் பொருள் எதையும் வாங்காதீர்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட ஓர் அரசின் சின்னத்தை வீட்டுச் சுவரில் மாட்டுவதா என்ற கேள்வியும் இருக்கிறது. வரலாற்றுச் சான்றாகப் பெட்டியில் வைத்திருப்பேன், சுவரில் மாட்ட மாட்டேன்.

அலகில் இருப்பது ரத்தக் கறையா?

துரு. குதிரைப்படை வாள்கள் பெரும்பாலும் கூர் தீட்டாமலே வழங்கப்பட்டன. வடக்குப் படை மருத்துவமனைகள் பதிவு செய்த சுமார் இரண்டரை லட்சம் காயங்களில் வாள், துப்பாக்கி ஈட்டி இரண்டும் சேர்ந்து ஆயிரத்துக்கும் குறைவு. அலகில் ஓடும் பள்ளமும் ரத்தம் வடிவதற்கல்ல, எடையைக் குறைப்பதற்கு.

பேனர்மன் என்ற பெயரை எல்லோரும் சொல்கிறார்களே, யார்?

ஃபிரான்சிஸ் பேனர்மன், நியூயார்க்கின் உபரி ராணுவப் பொருள் வியாபாரி. உள்நாட்டுப் போரின் மிச்சத்தையும் 1898 ஸ்பானிய-அமெரிக்கப் போரின் மிச்சத்தையும் அள்ளி வாங்கினார். நகருக்குள் அவ்வளவு வெடிமருந்தை வைக்க முடியாததால், 1900-இல் ஹட்சன் ஆற்றின் போலபெல் தீவை வாங்கிக் கோட்டை போலக் கிடங்கு கட்டினார். 1920-இல் அங்கே வெடிமருந்து வெடித்தது; இடிந்த சுவர்களை இன்றும் ரயிலிலிருந்து பார்க்கலாம். அவர் கடை அச்சிட்ட விலைப் பட்டியல்களே இன்று சேகரிப்புப் பொருள்.

அவர் இல்லையென்றால் இவ்வளவு பொருள் உருக்காலைக்குப் போயிருக்கும். அதே நேரம் உதிரி பாகங்களை இணைத்து முழுப் பொருளாக விற்ற பழக்கமும் அந்தக் கடையில் உண்டு. ஓர் உறை, வேறோர் அலகு, இரண்டும் அசல், ஆனால் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. நூறாண்டு ஒன்றாகவே இருந்துவிட்டதால் துருவும் ஒத்துப்போயிருக்கும். உறையில் வாள் கடைசிவரை தடையில்லாமல் இறங்குகிறதா, சோதனை எழுத்துக்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

விற்பவர் சொல்லும் குடும்பக் கதைக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்?

ஒரு டாலர்கூட வேண்டாம். காகிதம் இருந்தால் பேசலாம்.

காகிதம் இருந்தால் விலை எங்கே போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: வடக்குப் படைத் தளபதி ஜெனரல் யுலிசிஸ் கிராண்ட்டுக்கு 1864-இல் பரிசளித்த வாள் 2007-இல் 16 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. உங்கள் கைக்கு வருவது ஏதோ ஒரு லெப்டினன்டின் வாளாகத்தான் இருக்கும். அதற்கும் வழி இருக்கிறது. உள்நாட்டுப் போர் வீரர்களின் சேவைப் பதிவும் ஓய்வூதியக் கோப்பும் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன; பெயரும் ரெஜிமென்ட்டும் தெரிந்தால் நகல் கேட்டு வாங்கலாம். ஓய்வூதியக் கோப்பில் காயம், திருமணம், பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சி வரை இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டுப் பொருளுக்கு இது அவ்வளவு சுலபமில்லை. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவண மையம் தீப்பிடித்து 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் பதிவுகளில் எண்பது சதவீதம் போய்விட்டது.

பெயர் புதிதாகவும் பொறிக்கப்படலாம் என்பதை மறக்காதீர்கள். புகழ்பெற்ற ரெஜிமென்ட், கெட்டிஸ்பர்க் சண்டை, பிரபல ஜெனரலின் உதவியாளர், மூன்றும் ஒரே வாளில் வந்தால் நான் அந்த மேசையைத் தாண்டிப் போய்விடுவேன். கறுப்பினப் படைப்பிரிவுகளின் பெயருக்கும் இப்போது இதே ஆபத்து வந்திருக்கிறது. உள்நாட்டுப் போரில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்குக்காகப் போரிட்டார்கள். அவர்களுடையது என்று உறுதியாகச் சொல்லத்தக்க பொருட்கள் மிகக் குறைவு, தேவை அதிகம்.

உள்நாட்டுப் போர்ச் சீருடை ஏன் கிடைப்பதே இல்லை?

உடுத்திக் கிழித்துவிட்டார்கள். நாலு பட்டன் வைத்த கருநீலக் கம்பளிச் சட்டையை அரசு லட்சக்கணக்கில் தைத்துக் கொடுத்தது. ஊர் திரும்பியவர் அதைப் போட்டுக்கொண்டே உழுதார், மாட்டுக்கொட்டகையைக் கழுவினார். இன்று தப்பிக் கிடப்பது பெரும்பாலும் அதிகாரிகளின் நீளக் கோட்டுதான். அவர்களுக்கு மாற்றுடை இருந்தது, மடித்து வைக்கப் பெட்டியும் இருந்தது.

மிஷின் தையல் இருந்தால் போலி என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. தவறு. ஃபிலடெல்ஃபியாவின் ஸ்கூல்கில் ஆயுதசாலை வீட்டிலிருந்த பெண்களிடம் துணியைக் கொடுத்துக் கையால் தைத்து வாங்கியது. வேறு கிடங்குகளும் ஒப்பந்தக்காரர்களும் மிஷினையும் பயன்படுத்தினார்கள். தென்மாநிலச் சாம்பல் நிறச் சட்டைகள் பல இன்று பழுப்பாகத் தெரிவதும் போலித்தனமல்ல, சாயம் வெளுத்துவிட்டது.

போருக்குப் பின் 1866-இல் தொடங்கிய முன்னாள் வீரர் சங்கமான கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்கின் உறுப்பினர்களும் கருநீலக் கோட்டு அணிந்தார்கள். போர்க்காலக் கோட்டு என்று விற்பவற்றில் பல இவைதான். பட்டனைப் பாருங்கள், சங்கத்தின் எழுத்துகள் இருக்கலாம். ஆனால் பட்டனை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. உள் துணியையும் கைமடிப்பையும் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. சின்ன பட்ஜெட்காரர்களுக்குப் பட்டனே ஒரு நல்ல துறை. கழுகின் மார்புக் கேடயத்தில் ஐ என்றால் காலாட்படை, சி என்றால் குதிரைப்படை, ஏ என்றால் பீரங்கிப்படை அதிகாரி. முதுகில் வாட்டர்பரி, ஸ்கோவில் என்று செய்தவர் பெயர்.

இரண்டாம் உலகப் போர்ச் சீருடை?

ஏராளமாகக் கிடைக்கிறது. உள்பையில் தைத்த துணி லேபிளில் ஒப்பந்த எண்ணும் தேதியும் இருக்கும். காலர் பக்கம் ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் தெரிந்தால் அது சலவைக் குறி: குடும்பப் பெயரின் முதலெழுத்து, சேவை எண்ணின் கடைசி நான்கு இலக்கம். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தளத்தில் படையில் சேர்ந்தவர்களின் பட்டியல் இருக்கிறது. தோள் சின்னம், மாநிலம் என்று சேர்த்துத் தேடினால் ஆளைப் பிடிக்க வாய்ப்புண்டு.

தோள் சின்னங்களைப் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். போருக்குப் பிந்தைய நூல் பளீரென்று வெள்ளையாக ஒளிரும். ஆனால் இன்றைய சலவைத்தூளில் இருக்கும் வெண்மைப் பொருளும் அப்படியே ஒளிரும். அம்மா ஒருமுறை துவைத்துப் போட்டாலும் விளக்கு பொய் சொல்லும்.

பேட்டன் வாள் உண்மையிலேயே ஜெனரல் பேட்டன் வடிவமைத்ததா?

ஆம். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நவீன பென்டாத்லானில் ஐந்தாம் இடம் பிடித்த இளம் லெப்டினன்ட் ஜார்ஜ் பேட்டன் (பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் பேர்பெற்ற ஜெனரல்), பிரான்சில் வாள்வீச்சு கற்றுவந்து 1913 மாடலை வடிவமைத்தார். வளைவில்லாத நேர் அலகு. வெட்டுவதற்கல்ல, பாயும் குதிரையிலிருந்து குத்துவதற்கு. ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆயுதசாலையும், கனெக்டிகட்டின் லாண்டர்ஸ் ஃப்ரேரி அண்ட் கிளார்க்கும் செய்தன. இயந்திரத் துப்பாக்கிக் காலத்தில் வந்து சேர்ந்ததால் போரில் வேலையே இல்லை. 1934-இல் குதிரைப்படை வாளையே கைவிட்டார்கள். சண்டை பார்க்காததால் நல்ல நிலையில் நிறையக் கிடைக்கிறது.

மெடல் வாங்கலாமா?

அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் மட்டும் கூடாது. அதை விற்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். எவ்வளவு பழையதானாலும் சரி. போரில் காயமடைந்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் தரும் பர்ப்பிள் ஹார்ட் விற்பனைக்கு வருகிறது. பெயர் பொறித்தது, குறிப்பாகப் போரில் இறந்தவருடையது என்றால் விலை ஏறும். பின்னாளில் பெயர் பொறித்த மோசடியும் அங்கேதான். குடும்பத்தார் தேடி வந்தால் வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுவதுதான் முறை என்பது என் எண்ணம்.

போர்க்களத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடலாமா?

தேசியப் பூங்காவாக உள்ள போர்க்களங்களில் கூடவே கூடாது. கூட்டாட்சி நிலத்துத் தொல்பொருளை 1979 சட்டம் காக்கிறது. அபராதமும் சிறையும் உண்டு. தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு தேடுபவர்கள் இருக்கிறார்கள். பழைய பீரங்கிக் குண்டு கிடைத்தால் தொடாதீர்கள். 2008-இல் வர்ஜீனியாவில் அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் உள்நாட்டுப் போர்க் குண்டைச் சுத்தம் செய்யும்போது அது வெடித்து இறந்தார்.

வாளைப் பளபளப்பாக்கலாமா?

வேண்டாம். பித்தளையில் படிந்த பழுப்பும் அலகின் சாம்பல் படிவும்தான் அதன் வயதுச் சான்றிதழ். பிராசோ போட்டுத் தேய்த்த வாளின் விலை அன்றே இறங்கிவிடும். செந்துரு உதிர்ந்தால் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவி மென்துணியால் துடையுங்கள், அதன்மேல் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் ரினைசான்ஸ் மெழுகு லேசாக. வெறுங்கையால் அலகைத் தொட்டால் விரல்ரேகை துருவாகப் பதியும். தோல் உறை ஈரத்தை இழுக்கும் என்பதால் வாளை அதற்குள் போட்டு வைக்காமல் பக்கத்தில் வையுங்கள்.

சீருடையை டிரை கிளீனிங்குக்குக் கொடுக்காதீர்கள், கம்பி ஹேங்கரிலும் மாட்டாதீர்கள். அமிலமில்லாத காகிதம் வைத்து அட்டைப் பெட்டியில் படுக்கப் போடுங்கள். பட்டுப்புடவையை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைப்பது போல இதையும் மாற்றி மடிக்க வேண்டும், இல்லையென்றால் மடிப்பிலேயே இற்றுப்போகும்.

எங்கே வாங்குவது?

நேரில். கென்டக்கியின் லூயிவில்லில் ஆண்டுதோறும் நடக்கும் ராணுவப் பொருள் கண்காட்சி மிகப் பெரியது. வாங்காவிட்டாலும் ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள்; அனுமதி கேட்டு வாளைக் கையில் வாங்கிப் பாருங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். அதற்கு முன் மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆயுதசாலை அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டால் நல்லது. இணைய ஏலத்தில் வாங்கினால் முத்திரையின் நெருக்கப் படம் கேளுங்கள். திருப்பி அனுப்ப ஒப்புக்கொள்ளாதவரிடம் வேண்டாம்.

அமெரிக்காவில் வாங்கியதை இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா?

சீருடை, பட்டன், தோள் சின்னத்தில் பெரிய சிக்கல் இல்லை. வாள் அப்படியல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் பட்டியலில் வாளும் உண்டு. ஆயுத இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். அலங்காரப் பொருள் என்று பெட்டியில் எழுதி அனுப்பினால் சுங்கத்தில் நின்றுவிடும், சில சமயம் திரும்பி வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடக்கத்துக் கழுகுத் தலை வாள்களின் கைப்பிடி தந்தமாக இருந்தால் இன்னும் ஒரு முடிச்சு. தந்தத்துக்குத் தனி அனுமதிகள், கலிஃபோர்னியா, நியூயார்க் மாநிலங்களில் விற்பனைக்கே கடுமையான கட்டுப்பாடு. சுங்க முகவரிடமும் ஆயுதச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே விற்பவருக்குப் பணம் அனுப்புங்கள்.